அமெரிக்க எபிஸ்கோபல் திருச்சபையின் பொது மாநாட்டில் பிரதிநிதியாக உட்கார்ந்த கதை

கேள்வி இதுதான்: ஒரு திருச்சபையின் தேசிய அளவிலான ஆளும் மாநாட்டுக்குச் சாதாரண சபையார் ஒருவர் பிரதிநிதியாகப் போனால், அங்கே உண்மையில் என்ன செய்வார்? அது ஜெபக்கூட்டம் மாதிரி இருக்குமா, சட்டசபை மாதிரி இருக்குமா?

சட்டசபை மாதிரிதான். நாள்தோறும் ஆராதனை உண்டு, பாட்டு உண்டு, திருவிருந்து உண்டு. ஆனால் மிச்ச நேரம் முழுக்கத் தீர்மானம், திருத்தம், திருத்தத்துக்குத் திருத்தம், வாக்கெடுப்பு. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அப்படி இருப்பதுதான் நல்லது என்ற முடிவுக்கு வந்துவிட்டவள் நான். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

நான் தெற்குத் தமிழ்நாட்டில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்தில் பிறந்தவள். வேலைக்காக அமெரிக்கா வந்து, அருகில் இருந்த எபிஸ்கோபல் சபையில் சேர்ந்தேன். இரண்டுமே இங்கிலாந்துத் திருச்சபையோடு தொடர்புடைய ஆங்கிலிக்கன் குடும்பம் என்பதால் உறுப்பினர் மாற்றம் பெரிய விஷயமாக இல்லை. ஜெப புத்தகத்தைத் திறந்தால் பாதி வரிகள் சிறுவயதில் தமிழில் மனப்பாடம் செய்தவை. கொஞ்ச காலம் சபைக் கமிட்டியில் இருந்தேன். அப்புறம் திருமண்டல (ஒரு பேராயரின் கீழ் வரும் சபைகளின் தொகுப்பு) மாநாட்டில் பொது மாநாட்டுக்கான பிரதிநிதித் தேர்தலுக்கு யாரோ என் பெயரைக் கொடுத்தார்கள். 2022-இல் மாற்றுப் பிரதிநிதியாக வந்தேன், யாரும் விலகவில்லை என்பதால் வீட்டிலேயே இருந்தேன். அடுத்த தேர்தலில் முழுப் பிரதிநிதி. 2024 ஜூன் மாதம் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் நடந்த 81-ஆவது பொது மாநாட்டுக்குப் போனேன்.

செய்தியைச் சொன்னதும் ஊரில் இருக்கும் அப்பா கேட்ட முதல் கேள்வி: "ஏம்மா, நீ எந்த அணி?"

நம் ஊர்த் திருமண்டலத் தேர்தல்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி புரியும். சேகரத் தேர்தலில் தொடங்கி, திருமண்டலப் பெருமன்றம், அங்கிருந்து சினாட் (சி.எஸ்.ஐ.யின் தலைமை ஆளும் மன்றம்) என்று எல்லாப் படியிலும் அணி இருக்கும். அணிக்குப் பின்னால் சாதி இருக்கும், பள்ளிக்கூட வேலை இருக்கும், கல்லூரி சீட்டு இருக்கும். ஆனால் மேடையில் ஏறினால் எல்லாரும் "சபையில் அரசியல் கூடாது" என்பார்கள். நான் லூயிவில் போன அதே 2024-இல்தான் சி.எஸ்.ஐ. சினாட் நிர்வாகத்தைக் கவனிக்கச் சென்னை உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதிகள் இருவரை நியமித்திருந்தது. பேராயர்களின் ஓய்வு வயதை 67-இலிருந்து 70 ஆக்கும் திருத்தமும் அந்த வழக்குகளில் ஒரு பகுதி. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. (எபிஸ்கோபல் சபையில் ஓய்வு வயது 72. விதி புத்தகத்தில் இருக்கிறது, எல்லாருக்கும் ஒன்றுதான்.)

சரி, அமைப்பைச் சொல்கிறேன். பொது மாநாட்டில் இரண்டு அவைகள். ஒன்றில் பேராயர்கள். மற்றொன்று பிரதிநிதிகள் அவை. ஒவ்வொரு திருமண்டலமும் நான்கு குருமார்கள் (உதவிக் குருமாரான டீக்கன்மாரும் இதில் சேர்த்தி), நான்கு சபையார் என எட்டுப் பேர் வரை அனுப்பலாம். சுமார் 110 திருமண்டலங்கள், எனவே பிரதிநிதிகள் அவையில் எண்ணூறு பேருக்கு மேல். முதல் மாநாடு 1785-இல் ஃபிலடெல்ஃபியாவில் கூடியது. அமெரிக்க அரசியலமைப்பே அதற்குப் பிறகு, 1787-இல், அதே ஊரில்தான் எழுதப்பட்டது. அந்தக் காலத்து வாசனை இன்னும் இந்த மாநாட்டில் அடிக்கும். வழக்கமாக மூன்று வருடத்துக்கு ஒரு முறை கூடும் (கொரோனாவால் 2021 மாநாடு 2022-க்குத் தள்ளிப்போனதால்தான் அடுத்தது இரண்டே வருடத்தில் வந்தது). தேசிய மாநாடு என்று சொன்னாலும் ஹைட்டி, ஹோண்டுராஸ், தைவான் திருமண்டலங்களும் இதில் உண்டு. பக்கத்து வரிசைக்காரர் காதில் மொழிபெயர்ப்புக் கருவி மாட்டிக்கொண்டு ஸ்பானிஷில் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒரு தீர்மானம் நிறைவேற வேண்டுமானால் இரண்டு அவைகளும் ஒரே வாசகத்தை ஏற்க வேண்டும். ஒரு அவை ஒரு சொல்லை மாற்றினாலும் அது மற்ற அவைக்குத் திரும்பிப் போகும். கடைசி நாளில் இப்படித் திரும்பிப் போனவை நேரம் இல்லாமல் அப்படியே செத்துப்போவதும் உண்டு. அரசியலமைப்புத் திருத்தம் என்றால் இன்னும் மோசம்: அடுத்தடுத்த இரண்டு மாநாடுகளில் நிறைவேற வேண்டும். அதாவது இன்று 'ஆம்' என்று சொன்னதை, மூன்று வருடம் கழித்து வேறு ஆட்கள் உட்கார்ந்திருக்கும் அவை மறுபடி 'ஆம்' என்று சொல்ல வேண்டும். ஜெப புத்தகம் என்றால் எது என்று வரையறுக்கும் பிரிவு 2022-இல் முதல் முறையும், 2024-இல் இரண்டாம் முறையும் இப்படித்தான் நிறைவேறியது.

மாநாட்டுக்குப் போகும் முன்னால் எனக்கு இருந்த எண்ணம், எல்லாம் அந்தப் பெரிய அரங்கில்தான் நடக்கும் என்பது. உண்மையில் பாதி வேலை அதற்கு மாதக்கணக்கில் முன்பே முடிந்துவிடுகிறது. முந்நூற்றுக்கும் மேற்பட்ட தீர்மானங்கள் வந்தன. ஏ என்று தொடங்கினால் மாநாடுகளுக்கு இடையே வேலை செய்யும் குழுக்கள் கொடுத்தது, பி என்றால் பேராயர்கள், சி என்றால் திருமண்டலங்கள், டி என்றால் பிரதிநிதிகளே கொண்டுவந்தது. ஒவ்வொன்றும் ஒரு கமிட்டிக்குப் போகும். கொரோனா காலத்துக்குப் பிறகு கமிட்டிகளின் விசாரணைகள் ஜூமிலேயே நடக்கின்றன. யார் வேண்டுமானாலும் பெயர் பதிந்துகொண்டு சாட்சியம் சொல்லலாம், பிரதிநிதியாக இருக்க வேண்டியதில்லை. நான் எந்தக் கமிட்டியிலும் இல்லை. பெரும்பாலான புதியவர்களுக்கு இடம் கிடைப்பதில்லை. ஆனால் சமைத்துக்கொண்டே பல விசாரணைகளைக் கேட்டேன். ஒரு கிராமத்துச் சபையின் பொருளாளர் அம்மா சாதாரணமாக இரண்டு நிமிடம் பேசியதைக் கேட்டு, கமிட்டி ஒரு வாசகத்தையே மாற்றியதைப் பார்த்தேன். அரங்கில் நடந்த எந்தப் பேச்சும் அந்த அளவுக்கு வேலை செய்து நான் பார்க்கவில்லை.

கமிட்டி ஒருமனதாக ஏற்றவற்றில் பெரும்பாலானவை 'ஒப்புதல் பட்டியல்' என்ற ஒன்றில் போய்ச் சேரும். விவாதமே கிடையாது, மொத்தமாக ஒரே வாக்கு. உங்களுக்குப் பிடிக்காத தீர்மானம் அதில் ஒளிந்திருந்தால், நேரத்தோடு பார்த்து அதை வெளியே எடுக்கச் சொல்ல வேண்டும். எனவே பிரதிநிதியின் முதல் தகுதி வாசிப்பது. அறிவாளியாக இருக்க வேண்டியதில்லை, பேச்சாளராக இருக்க வேண்டியதே இல்லை. இரவு உட்கார்ந்து நாளைய பட்டியலை வாசிக்கிற பொறுமை இருந்தால் போதும். எங்கள் எட்டுப் பேரில் தீர்மானங்களைப் பங்கு போட்டுக்கொண்டோம். காலை உணவின்போது ஒவ்வொருவரும் தன் பங்கில் இருக்கும் சிக்கலைச் சொல்வார்.

திருமண்டலம் உங்களுக்கு எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்டளை போட முடியாது. இது எனக்கு ஆரம்பத்தில் நம்பவே முடியாத விஷயம். பேராயர் எங்களோடு ஒரே ஹோட்டலில் இருந்தார், சேர்ந்து சாப்பிட்டார். வாக்கு பற்றி வாயே திறக்கவில்லை. அவர் உட்காரும் அவையே வேறு, எங்கள் வாக்கு அவர் கண்ணில் படும் வாய்ப்பும் குறைவு. நம் பக்கம் பேராயர் மேடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, கை தூக்கி வாக்களித்த பெருமன்றங்களை அப்பா நிறையப் பார்த்திருக்கிறார். தனி அவை என்ற ஏற்பாட்டின் அருமை அவருக்குச் சொன்னவுடன் புரிந்தது.

அரங்கில் ஒவ்வொரு திருமண்டலத்துக்கும் ஒரு கம்பத்தில் பெயர்ப்பலகை மாட்டியிருக்கும், அதன் கீழே எட்டு நாற்காலி. பேச விரும்பினால் வரிசையில் பெயர் பதிய வேண்டும். சில நிமிடங்கள்கூடக் கிடைக்காது. ஆதரவு ஒருவர், எதிர்ப்பு ஒருவர் என்று மாறி மாறிக் கூப்பிடுவார்கள். நான் ஒரே ஒரு முறை பெயர் பதிந்தேன். என் முறை வரும் முன்பே ஒருவர் எழுந்து விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போகலாம் என்று முன்மொழிந்தார். மூன்றில் இரண்டு பங்கு பேர் அதை ஏற்றுவிட்டார்கள். எழுதி வைத்திருந்த குறிப்பு பையிலேயே இருந்துவிட்டது. வருத்தம் ஒன்றுமில்லை, நான் சொல்ல நினைத்ததை எனக்கு முன்னால் ஒருவர் சொல்லிவிட்டார்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த, அதே சமயம் மிகவும் எரிச்சல் ஊட்டும் விதிக்கு வருகிறேன். சாதாரண வாக்கெடுப்பில் ஆளுக்கு ஒரு வாக்கு. ஆனால் முக்கியமான விஷயங்களில் 'வரிசைவாரி வாக்கெடுப்பு' நடக்கும். அப்போது திருமண்டலத்தின் நான்கு குருமார்களுக்கும் சேர்த்து ஒரே வாக்கு, நான்கு சபையாருக்கும் சேர்த்து ஒரே வாக்கு. குருமார் வரிசை, சபையார் வரிசை இரண்டிலும் தனித்தனியாகப் பெரும்பான்மை வேண்டும். நான்கில் மூன்று பேர் ஆம் என்றால் அந்த வரிசையின் வாக்கு ஆம். இரண்டுக்கு இரண்டு என்றால் 'பிளவுபட்டது' என்று பதிவாகும். பிளவுபட்டது ஆம் கணக்கில் சேராது. அதாவது நடைமுறையில் அது இல்லை என்பதற்குச் சமம்.

இதன் வலி எங்கள் குழுவில் இருந்த மூத்த பெண்மணி ஒருவர் சொல்லித்தான் எனக்கு விளங்கியது. இதே லூயிவில் நகரில் 1973-இல் பொது மாநாடு நடந்தது. பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கலாமா என்பது அன்றைய கேள்வி. பிரதிநிதிகள் அவையில் ஆம் என்ற திருமண்டலங்கள் இல்லை என்றவற்றைவிட அதிகம், இரண்டு வரிசைகளிலுமே. ஆனாலும் தீர்மானம் தோற்றது, பிளவுபட்ட வாக்குகளால். அடுத்த ஆண்டு ஃபிலடெல்ஃபியாவில் பதினொரு பெண்கள், மாநாட்டின் அனுமதிக்குக் காத்திராமல், ஓய்வுபெற்ற பேராயர்கள் கையால் பட்டம் பெற்றார்கள். பெரிய கொந்தளிப்பு. 1976-இல் மினியாபோலிஸ் மாநாட்டில் அதே விதியின் கீழ், அதே வரிசைவாரி வாக்கெடுப்பில், தீர்மானம் வென்றது. இன்னொரு விஷயம்: பெண்கள் இந்த அவையில் பிரதிநிதிகளாக உட்காரவே 1970 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதாவது 1973-இல் தோற்றபோது பெண் பிரதிநிதிகளுக்கு அது இரண்டாவது மாநாடுதான். நம் சி.எஸ்.ஐ. முதல் பெண் பேராயரை, நந்தியால் திருமண்டலத்துக்குப் புஷ்பலலிதா அம்மையாரை, 2013-இல் அபிஷேகம் செய்தது.

அப்படியானால் இந்த விதி நல்லதா, கெட்டதா? 1973-இல் நான் அங்கே இருந்திருந்தால் அதைச் சபித்திருப்பேன். ஆனால் 1976-க்குப் பிறகு நிறையப் பேர் கோபித்துக்கொண்டு வெளியேறியபோதும், "ஏமாற்றி நிறைவேற்றிவிட்டார்கள்" என்று யாராலும் நியாயமாகச் சொல்ல முடியவில்லை. இதுதான் நான் ஆரம்பத்தில் சொன்ன விஷயம். எண்ணூறு பேர் கூடும் இடத்தில் அரசியல் வராமல் இருக்காது. இங்கேயும் ஆதரவு திரட்டுகிறார்கள், ஹோட்டல் பாரில் கணக்குப் போடுகிறார்கள், குழுக்கள் இருக்கின்றன, வருத்தங்கள் இருக்கின்றன. வித்தியாசம் என்னவென்றால் அதை ஒப்புக்கொண்டு அதற்கு விதி எழுதி வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் அரசியலே இல்லை என்று சொல்லிக்கொள்வதால், விதிக்கு வெளியே எல்லாம் நடந்து கடைசியில் நீதிமன்றத்தில் போய் நிற்கிறது. இங்கே தோற்றவர் அடுத்த மாநாட்டுக்குத் தீர்மானம் எழுத ஆரம்பிக்கிறார்.

லூயிவில்லில் எல்லாரும் எதிர்பார்த்தது தலைமைப் பேராயர் தேர்தல். மைக்கேல் கரி ஓய்வு பெறும் நேரம் அது. 2018-இல் இளவரசர் ஹாரியின் திருமணத்தில் பிரசங்கம் செய்தவர் என்றால் உங்களுக்கு நினைவு வரும். ஜூன் 26 அன்று பேராயர்கள் எல்லாரும் நகரின் கிறைஸ்ட் சர்ச் பேராலயத்துக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வேட்பாளர்கள் ஐந்து பேர். வெளியே இருந்த எங்களுக்கு ஒன்றும் தெரியாது. வழக்கமான தீர்மானங்களை நடத்திக்கொண்டிருந்தோம், ஆனால் யார் மனமும் அதில் இல்லை. பல சுற்றுகள் போகும் என்று பேசிக்கொண்டார்கள். முதல் சுற்றிலேயே முடிந்துவிட்டது: 158 வாக்கில் 89 பெற்று ஷான் ரோ தேர்வானார். அப்போது அவருக்கு வயது 49. பேராயர்கள் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது, பிரதிநிதிகள் அவை உறுதி செய்ய வேண்டும். பெயர் எங்கள் அவையின் கமிட்டி ஒன்றுக்கு வந்து, அங்கிருந்து அவைக்கு வந்து, வாக்கெடுத்து, பெரும் பெரும்பான்மையில் உறுதி செய்தோம். பதவிக்காலம் ஒன்பது வருடம். சி.எஸ்.ஐ.யின் தலைவரான பிரதமப் பேராயர் பதவி மூன்று வருடம் என்பதால், அங்கே அடுத்த தேர்தலைப் பற்றிய பேச்சு ஓய்வதே இல்லை; இங்கே தேர்வு நடந்த மறுநாளே அந்தச் சூடு அடங்கிவிட்டது. நவம்பர் 2 அன்று அவரது பதவியேற்பு ஆராதனை நடந்தது வாஷிங்டனின் பெரிய தேசியப் பேராலயத்தில் அல்ல, நியூயார்க்கில் இருக்கும் தலைமை அலுவலகத்தின் சிறிய சிற்றாலயத்தில். செலவைக் குறைக்க.

செலவைக் குறைக்கத்தான் வேண்டும். 1960-களில் 34 லட்சத்தைத் தாண்டியிருந்த உறுப்பினர் எண்ணிக்கை இப்போது அதில் பாதிகூட இல்லை. இந்த மாநாட்டில் விஸ்கான்சின் மாநிலத்தின் மூன்று திருமண்டலங்கள் ஒன்றாக இணைய அனுமதி கொடுத்தோம். மிஷிகனில் இரண்டு திருமண்டலங்கள் 'கிரேட் லேக்ஸ்' என்ற பெயரில் ஒன்றாயின. திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி - நாசரேத் 2003-இல் பிரிந்ததைப் பார்த்த எனக்கு, திருமண்டலங்கள் பிரியும் செய்திதான் பழக்கம், சேரும் செய்தி புதிது. அவையில் அதற்கு எதிர்ப்பு இல்லை. ஆனால் இணைப்பை விளக்கிய ஒருவரின் குரல் தழுதழுத்தது.

அழ வைத்த இன்னொன்று நவஹோலாந்து. அரிசோனா, யூட்டா, நியூ மெக்சிகோ மாநிலங்களில் பரவியிருக்கும், அமெரிக்கப் பழங்குடியினரான நவஹோ மக்களின் நிலத்தில் உள்ள சபைகள் 1978 முதல் 'பகுதி மிஷன்' என்ற நிலையில் இருந்தன. தங்கள் பேராயரைத் தாங்களே தேர்ந்தெடுக்க முடியாது, பேராயர்கள் அவைதான் ஆள் போடும். 2024-இல் மிஷனரித் திருமண்டலமாக உயர்த்தக் கேட்டார்கள், கொடுத்தோம். எல்லாரும் எழுந்து நின்றோம். வெளியார் ஒருவர் அனுப்பி வைக்கும் தலைவரின் கீழ் இருப்பது என்ன என்று, மிஷனரிமார் காலத்துக் கதைகளைப் பாட்டியிடம் கேட்டு வளர்ந்த எனக்குக் கொஞ்சம் தெரியும்.

குறைகளும் சொல்லிவிடுகிறேன். தீர்மானங்கள் அளவுக்கு மீறி அதிகம். உலகத்தில் இருக்கும் எல்லாப் பிரச்சினைக்கும் ஒரு தீர்மானம் போட்டு, அரசாங்கத்தைக் 'கேட்டுக்கொள்கிறோம்' என்று முடிக்கிறார்கள். யார் வாசிக்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகம். மூன்று வருடத்துக்கான பட்ஜெட் சுமார் 143 மில்லியன் டாலர். ஒவ்வொரு திருமண்டலமும் தன் வருமானத்தில் 15 சதவீதம் கொடுக்க வேண்டும் என்ற விதியில்தான் அதன் பெரும்பகுதி வருகிறது. அதைப் பற்றிய விவாதத்தைவிட, ஒரு வழிபாட்டுத் தீர்மானத்தில் ஒரு வாக்கியத்தைப் பற்றிய விவாதம் எனக்கு நீளமாகத் தோன்றியது. அப்புறம் பிரதிநிதிகளைப் பாருங்கள்: ஒரு வாரம் லீவு எடுக்க முடிந்தவர்கள், ஓய்வுபெற்றவர்கள், குருமார். தினக்கூலிக்குப் போகிறவர் இங்கே வரவே முடியாது. இளைஞர்களும் குறைவு. இதைப் பேசுகிறார்கள், தீர்மானமும் போடுகிறார்கள்.

பணம் கிடைக்குமா என்று கேட்பீர்கள். கிடைக்காது. விமான டிக்கெட், ஹோட்டல், சாப்பாட்டுச் செலவை எங்கள் திருமண்டலம் கொடுத்தது. சம்பளம் கிடையாது. விடுமுறை நாட்களை அதற்கே செலவழித்தேன். அரங்கின் ஏசி ஜூன் மாதத்திலும் நடுங்க வைத்தது, ஸ்வெட்டர் கட்டாயம். நடக்கிற தூரம் அதிகம், நல்ல செருப்பு வேண்டும். சோறு கிடைக்காத நாட்களுக்கு ஊறுகாய் பாட்டில் ஒன்று கொண்டு போயிருந்தேன். கடைசி நாளில் எங்கள் குழுவில் பாதிப் பேர் ரொட்டியோடு அதைத் தொட்டுக்கொண்டார்கள்.

அடுத்த மாநாடு 2027-இல் அரிசோனாவின் பீனிக்ஸ் நகரில். மாநாட்டுக்கு ஓராண்டு முன்பே திருமண்டலங்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும். உங்கள் சபையில் யாராவது கேட்டால், உங்களுக்கு வாசிக்கப் பிடிக்கும் என்றால், சரி என்று சொல்லுங்கள். அதற்கு முன் சபையின் விதிப்புத்தகத்தை ஒரு முறை முழுதாக வாசித்துவிடுங்கள், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.